கையி என்று கத்தினவள்

மெதுவாகப் பேசுவது என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவளுக்குத் தெரியாது. பக்கத்து இலையில் இருப்பவரிடம் உப்பு கேட்டால் பந்தியின் கடைசி ஆள் நிமிர்ந்து பார்ப்பான். சொல்லி முடித்ததும் "கேக்குதா?" என்று ஒரு கேள்வி வேறு. கேட்காமல் எங்கே போகும்?

சித்தூரில் பழைய மிஷன் சபைக் குடும்பம் அவளுடையது. சர்ச் பாடகர் குழுவில் முதலில் முன்வரிசையில் நிறுத்தினார்களாம். ஆர்மோனியம் கேட்கவில்லை என்று நடுவரிசைக்குத் தள்ளினார்கள். அப்புறம் கடைசி வரிசை. கடைசியில் பாஸ்டரே கூப்பிட்டு, நீ வாசற்படியில் நின்று பாடு தாயே என்று சொல்லிவிட்டார். அதற்குத் தான் சொன்ன பதிலை அவளே என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

"படியில நின்னா இன்னா பாஸ்டரு? ஆண்டவரு உள்ள மட்டுந்தான் கீறாரா? கேக்குதா?"

இப்படிப்பட்டவள்தான் நாற்பது வயது தாண்டி ஒரு மெட்டல் கோஷ்டியில் சேர்ந்து ஆல்பம் ஒன்று போட்டாள். முதல் ஆல்பம். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவள் பேரை எழுதப்போவதில்லை. ஒருதரம் அவள் பேர் போட்ட காகிதத்தில் அவள் சொல்லாததை ஏற்றிவிட்டேன். இன்னொரு காகிதத்தில் அந்தப் பேரை வைக்க எனக்குக் கை வரவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விஜயபுரம் பக்கத்து ஆள் நான். மூன்றாவது வரைக்கும் தெலுங்குப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்தை வேலூர் பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். சித்தூர் மண்டியில் மாங்காய்க் கூடை தூக்கினேன். கூடை தூக்கினவன் ஏலம் கேட்டான், ஏலம் கேட்டவன் ஜூஸ் ஃபேக்டரி கட்டினான். என் ஃபேக்டரி டிரம் இன்றைக்குக் கப்பல் ஏறுகிறது. எனக்கு முன்னால் எங்கள் வம்சத்தில் கப்பலைப் பார்த்தவன்கூட ஒருத்தன் கிடையாது. யார் தயவும் இல்லாமல் வந்தேன் என்று நான் சொல்லிக்கொள்வதில் பொய் இல்லை.

அவள் என்னிடம் சீசன் வேலைக்கு வந்தாள். தோத்தாபுரி மாம்பழ சீசனில் ஜூஸ் லைன் போகப் பத்தை போடுகிற லைன் ஒன்றும் ஓடும். தோல் சீவின பழத்தை மெஷின் வாயில் வைத்தால் உள்ளே பிளேடு சுற்றிப் பத்தை பத்தையாக வெட்டித் தள்ளும். இந்தப் பக்கம் ஆறு பெண்கள், அந்தப் பக்கம் ஆறு பெண்கள். மெஷின் சத்தத்தில் ஒருத்தி பேசுவது பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது. அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். வரிசையின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு அவளை அதன்மேல் நிறுத்தினேன். யார் கையாவது பிளேடு பக்கம் போனால் "கையி!" என்று கத்தவேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேலை. அவள் கத்தினதும் பன்னிரண்டு பெண்களும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட வேண்டும். வேறு யோசனையே கூடாது. யாருக்காகக் கத்தினாள் என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வேறு ஃபேக்டரிக்காரர்கள் இதைப் பார்க்கவென்றே வந்தார்கள். இஞ்சினியர் படித்தவனுக்குத் தோன்றாதது மூன்றாவது படித்தவனுக்குத் தோன்றியதே என்று நான் மார்தட்டிக்கொண்டேன்.

அந்தக் குரல் ஃபேக்டரியோடு நிற்கவில்லை. ஒருநாள் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் திருப்பதி பஸ் ஒன்று ரிவர்ஸில் பின்னால் வந்துகொண்டிருந்தது. பின்சக்கரத்துக்கு நேராக ஒரு கிழவர் செய்தித்தாளைப் படித்துக்கொண்டே நடக்கிறார். நில் என்றோ, பஸ் என்றோ மனுஷர்கள் கத்துவார்கள். இவள் வாயில் வந்தது "கையி!". டிரைவர் பயந்து பிரேக்கை மிதித்தான். கிழவர் பிழைத்தார். அதைவிட வேடிக்கை, வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றிருந்த எங்கள் லைன் பெண்கள் எட்டுப் பேரும் கூடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார்களாம். டிக்கெட் வாங்க வந்த போலீஸ்காரர் ஒருத்தர் திகைத்துப்போய், "என்னம்மா, நான் இன்னும் துப்பாக்கியே எடுக்கலியே?" என்றாராம். இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது சரோஜா.

சரோஜா எங்கள் விஜயபுரம் பக்கத்துக்காரி. லைனில் முதல் ஆள், ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே நிற்பவள். கத்துகிறவளுக்கும் சரோஜாவுக்கும் ஒரே டிபன் கேரியர். மேல் அடுக்கு கத்துகிறவளுடையது, கீழ் அடுக்கு சரோஜாவுடையது. தின்னும்போது மட்டும் கத்துகிறவள் வாய் கொஞ்சம் அடங்கும். அதுவும் சரோஜா தொடையில் கிள்ளுவதால்.

மெஷின் வாயில் ஒரு இரும்பு வலை இருந்தது. கை உள்ளே போகாமல் தடுக்க, மெஷின் செய்தவனே போட்டு அனுப்பினது. பழம் அதில் சிக்கிச் சிக்கி லைன் நின்றுபோகிறது என்று நான்தான் கழட்டச் சொன்னேன். "கத்தறதுக்குத்தான் அவ கீறாளே" என்றேன். அதோடும் விடவில்லை. பெண்கள் கையைத் தூக்கி இறக்குவதற்குள் பழம் கீழே விழுந்து வீணாகிறது என்று சீசன் உச்சத்தில் நானே போய் லைனுக்கு எதிரே நிற்க ஆரம்பித்தேன். எவள் சும்மா கையைத் தூக்குகிறாள் என்று பார்ப்பேன். நான் வாய் திறந்து எதுவும் சொல்லமாட்டேன். மறுநாள் ஷிஃப்டில் அவள் இருக்கமாட்டாள், அவ்வளவுதான்.

அன்றைக்குக் காலை டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால். நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். "கையி!" என்று அவள் கத்தினது என் காதில் விழுந்தது. கைகள் மேலே போயின. சரோஜாவின் கை மட்டும் போகவில்லை.

வலது கையில் நடு விரல்கள் மூன்று. கட்டை விரலும் சுண்டு விரலும் மிச்சம்.

விசாரிக்க வந்த அதிகாரி ஆந்திராவின் கடற்கரை ஜில்லாக்காரர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஸ்டூலில் நின்று கத்தினவளுக்குத் தெலுங்கு நன்றாக வரும். படித்ததே தெலுங்கில்தான், தமிழ் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் ஆத்திரம் வந்துவிட்டால் எங்கள் ஜனங்களுக்குத் தெலுங்கு மறந்துபோகும். வீட்டில் பேசுகிற தமிழ்தான் வாயில் வரும். என் ஆபீஸ் ரூமில் அந்த அதிகாரிக்கு முன்னால் நின்று அவள் கத்தினாள்.

"கத்தினேன் சார்! கையின்னு கத்தினேன்! நான் கத்தினேன் சார், கேக்குதா?"

அதற்குமேல் பேச முடியாமல் அழுதுகொண்டே வெளியே போய்விட்டாள். அதிகாரி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கத்தி அண்ட்டுந்தி? ஏ கத்தி?"

கத்தி என்கிறாளே, எந்தக் கத்தி என்கிறார். தெலுங்கில் கத்துவதற்கு அரவடம் என்பார்கள். கத்தி என்றால் அவர்களுக்கு வெட்டுகிற கத்தி ஒன்றுதான். இந்த ஜில்லாவில் பிறந்தவனுக்கு இது புரிய ஒரு நொடி போதும். மண்டியில் ஏலம் கேட்ட காலத்திலிருந்து என் மூளை அந்த ஒரு நொடியில்தான் வேலை செய்யும். வலை இல்லாத மெஷின் என்று எழுதினால் சீசன் நடுவில் ஃபேக்டரிக்குப் பூட்டு. கத்தி என்று எழுதினால் அவரவர் கவனக்குறைவு.

"பண்டு கோசே கத்தி சார்" என்றேன். பழம் வெட்டுகிற கத்தி.

அவர் எழுதிக்கொண்டார். சாயங்காலம் அந்தத் தாளில் கையெழுத்துப் போடும்போது அவள் என்னைக் கேட்டாள்.

"நான் சொன்னதத்தான எயுதிக்கீறாங்க மொதலாளி?"

"ஆமாம்மா, போடு."

படிக்காமல் போட்டாள். அன்று ராத்திரியே வலையை எடுத்து மெஷினில் மாட்டச் சொன்னேன். இன்று வரைக்கும் அதைக் கழட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் சரோஜாவைப் பார்க்க அவள் போனபோது நானும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு அங்கே இருந்தேன். சரோஜா சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திரும்பாமலே சொன்னாள்.

"நீ கத்தலியே."

"அடிப்பாவி, கத்தினேன்டீ!" என்று இவள் போட்ட சத்தத்தில் வார்டு நர்ஸ் ஓடிவந்து வெளியே தள்ளினாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். வாய் அசைவதுதான் தெரிந்தது. நான் ஹார்லிக்ஸை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் அவள் கையெழுத்துப் போட்ட தாளின் நகல் யார் மூலமாகவோ அவளுக்குக் கிடைத்தது. படித்துவிட்டாள். மறுநாள் ஷிஃப்ட் மாறுகிற நேரத்துக்கு என் கேட்டுக்கு எதிரே வந்து நின்றாள். கொடி இல்லை, கோஷம் இல்லை. "நான் கத்தினேன்! கேக்குதா?" ஒரே தரம். கத்திவிட்டுப் போய்விட்டாள். அதற்கு மறுநாளும் வந்தாள். சீசன் முடிகிறவரைக்கும் வந்தாள். உள்ளே போகிற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். வாட்ச்மேன் என்னிடம் வந்து, "தொரத்தவா சார்?" என்று கேட்பான். "அது ஒரு நிமிஷம்டா, வுட்டுடு" என்பேன். ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கால்மணி நேரம் நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் எலக்ட்ரீஷியன் முனிரத்தினம் தினமும் கேட்டுக்கு வந்து நின்று அதைக் கேட்டிருக்கிறான். அவன் டிரம்ஸ் அடிக்கிறவன், திருப்பதியில் கிட்டார் வாசிக்கிற நண்பர்கள் இருவரோடு கோஷ்டி வைத்திருக்கிறான் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவர்களுக்குப் பாடுகிற ஆள் இல்லை. வந்தவன் எல்லாம் நாலாவது பாட்டில் தொண்டை கட்டி ஓடிவிட்டான். முனிரத்தினம் ரோட்டைத் தாண்டிப் போய் அவளிடம் கேட்டானாம்.

"அக்கா, எங்க கோஷ்டியில வந்து இதையே கத்துறியா?"

"எத?"

"இப்ப கத்தினியே, அதத்தான். நாங்க பின்னாடி வாசிப்போம்."

"எவ்ளோ பேரு கேப்பாங்க?"

"நெறைய பேரு கேப்பாங்கக்கா."

"மைக்கு குடுப்பியா?"

"குடுப்பேன்."

"மைக்கு இல்லாமயே கேக்கும். செரி, குடு."

அந்தச் சங்கீதத்துக்குப் பேர் த்ராஷ் மெட்டல் என்றான். என் ஃபேக்டரியில் எல்லா லைனும் ஓடி, ஜெனரேட்டரும் ஓடி, அதன் தலைமேல் ஒரு லாரித் தகரத்தைக் கொட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஆனால் கொட்டுகிறவன் தாளம் தப்பாமல் கொட்டுகிறான். பக்திப் பாட்டு கேசட்டுகூட முழுசாகக் கேட்காதவன் நான். எனக்கே தெரிந்தது, அந்தக் கிட்டார் என் பத்தை மெஷின் சத்தத்தை வைத்துப் போட்டது என்று. பிளேடு வெறுமனே சுற்றும்போது ஒரு மாதிரி, பழம் போகும்போது ஒரு மாதிரி. முனிரத்தினம் பத்து வருஷம் அதன் பக்கத்தில் நின்றவன்.

ஆல்பத்தைத் திருப்பதியில் பதிவு செய்தார்கள். மலையடிவாரத்தில் பெருமாள் பாட்டு பதிவு செய்கிற ஸ்டுடியோ ஒன்றில், இரண்டு பக்தி ஆல்பத்துக்கு நடுவில் கிடைத்த நாலு நாளில். ஸ்டுடியோக்காரர் முதல் நாள் ஹெட்போனைக் கழட்டிக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, இங்க சாமியக் கூப்பிடறவங்கதான் கத்துவாங்க. நீ யாரம்மா கூப்பிடற?" என்று கேட்டாராம். "சரோஜான்னு ஒருத்தி. விஜயபுரத்துல கீறா. அவளுக்குக் கேக்கற மாதிரி வை" என்றாளாம். மூன்றாம் நாள் வாய் கொப்பளித்தபோது தண்ணீரோடு ரத்தம் வந்தது. டாக்டர் ஒரு மாசம் பேசவே கூடாது என்றார். மிச்சம் இருந்த இரண்டு பாட்டை அன்றைக்கு மத்தியானமே பாடி முடித்துவிட்டாள். அவளுக்கு அவகாசம் என்பதே பிடிக்காது.

எட்டுப் பாட்டு. மொத்தம் அரைமணி நேரம்கூட இல்லை. கொட்டை, ஆவி, ஷிஃப்ட் என்று எல்லாம் ஃபேக்டரி பேர்தான். ஒன்றுக்கு வலை என்று பேர். "வலைய கயட்டினது யாரு, எதிர்ல நின்னது யாரு" என்று கேட்டுக்கொண்டே போவாள், பதில் சொல்லவே மாட்டாள். ஆல்பத்துக்குப் பேர் கத்தினேன்.

அட்டைப்படம் போட்ட பையனுக்குத் தமிழ் தெரியாது. அவனுக்குப் பேரைத் தெலுங்கு எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கத்தி நேனு என்று படித்திருக்கிறான். நானே கத்தி என்று அர்த்தம். மெட்டல் கோஷ்டிக்கு இதைவிடப் பொருத்தமான பேர் எங்கே கிடைக்கும் என்று அட்டை முழுக்க ரத்தம் சொட்டுகிற பெரிய கத்தியாகப் போட்டுவிட்டான். அச்சடித்துப் பெட்டி பெட்டியாக வந்த பிறகுதான் அவள் பார்த்தாள்.

"எவன்டா கத்தி போட்டவன்? ஆபீசுலயும் கத்தி, இங்கியுமா?" என்று கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். அன்று முழுக்க அவள் வாயே திறக்கவில்லை என்று முனிரத்தினம் சொன்னான். அவனே எனக்கு ஒரு சிடி கொண்டுவந்து கொடுத்தான். வேலை போனாலும் போகட்டும் என்று கொடுத்தான் போலிருக்கிறது. நான் காரில் அதைப் போட்டுக் கேட்டேன். சித்தூரிலிருந்து திருப்பதி போவதற்குள் இரண்டு தரம் ஓடி முடிந்தது. இரண்டு தரமும் வலை பாட்டு வந்ததும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

ஆல்பம் வெளியீடு திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில். காலையில் முகூர்த்தம் ஒன்று, சாயங்காலம் வேறு ஒரு ரிசப்ஷன், நடுவில் மூன்று மணி நேரம் இவர்களுக்கு. வாசலில் வாழை மரம் கட்டினபடி இருந்தது. என் ஃபேக்டரி பேர் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் விடுவது என்ற தீர்மானத்தோடுதான் போனேன். உள்ளே இருநூறு, முந்நூறு பேர் இருப்பார்கள். பாதிப் பேர் தோள்வரைக்கும் முடி, பாதிப் பேர் மலைக்குப் போய்வந்த மொட்டை. நான் பின்னால் தூணோரம் நின்றேன்.

அவள் ஃபேக்டரிக்கு வருகிற மாதிரியே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். மைக்கைப் பிடித்து "கையி!" என்றாள்.

அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். அவர்களுக்கு அது கச்சேரி வழக்கம். அவள் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். வரிசையில் கைகளைப் பார்ப்பதுதானே அவள் என் ஃபேக்டரியில் செய்த வேலை? தூணோரம் தூக்காமல் நின்ற என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்துவிட்டுப் பாடினாள். அரைமணி நேரம் என்னைப் பார்த்தே பாடினாள்.

கடைசிப் பாட்டு ஆல்பத்தின் பேரில் உள்ள பாட்டு. "கத்தினேன்! கத்தினேன்!" என்று அவள் கத்த, கூட்டம் "கத்தி நேனு! கத்தி நேனு!" என்று கையை மடக்கிக் குத்திக்கொண்டே திருப்பிக் கத்தியது. கழுத்தில் கத்தி டாலர் போட்டவர்கள்கூட இருந்தார்கள். அவள் கையைக் காட்டி வாத்தியத்தை நிறுத்தினாள்.

"கத்தி இல்லடா! கத்தினேன்! கேக்குதா?"

"கத்தி நேனு!" என்றது கூட்டம்.

அவள் என் பக்கம் கையை நீட்டினாள். "தோ நிக்கிறாரு பாரு எங்க மொதலாளி. மொதலாளி, மேல வா. இதுங்களுக்குத் தெலுங்குல சொல்லு. உனுக்குத்தான் ரெண்டும் தெரியுமே."

கத்தினேன் என்பதற்கு அரிசானு என்று அவளே தெலுங்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டிருக்கலாம். அவளுக்கு வேண்டியது அது இல்லை என்று எனக்குப் புரிந்தது. மந்திரிகளுக்கு மாலை போட்டவன் நான், மேடை ஏற எனக்குக் கூச்சம் கிடையாது. அன்றைக்கு நாலு படியையும் ஒவ்வொன்றாக எண்ணி ஏறினேன். மைக்கைக் கொடுத்தாள். வாங்கிச் சொன்னேன்.

"கத்தி காது. ஆமெ அரிசிந்தி. நேனு வின்னானு."

கத்தி இல்லை. அவள் கத்தினாள். நான் கேட்டேன். என் வாழ்நாளில் அதைவிடக் கஷ்டப்பட்டு நான் ஒன்றும் சொன்னதில்லை. கூட்டத்துக்கு இதுவும் கச்சேரியில் ஒரு பாகம். வேட்டி கட்டின கிழவன் ஒருத்தன் மேடைக்கு வந்து மூன்று வரி சொன்னது அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "நேனு வின்னானு! நேனு வின்னானு!" என்று காலால் தரையை உதைத்துக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டார்கள். முனிரத்தினம் மட்டும் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

கச்சேரி முடிந்ததும் பந்தி ஹாலில் கை கழுவுகிற தொட்டியண்டை அவள் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். தொட்டி சிவந்திருந்தது. நான் போய் நின்றேன். இந்த வயதில் காலில் விழவேண்டுமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை.

"இந்தப் பசங்க கேட்டு இன்னா ஆவப்போது மொதலாளி? சரோஜா கேக்கணும். நான் கத்தலன்னு நெனச்சிகினு கீறா. ஊட்டாண்ட போனா கதவ சாத்திக்கிறா. நீ போய் சொல்லு. நீ சொன்னா நம்புவா. நீ எதிர்லயே நின்னுகினு இருந்த இல்ல?"

"நாளைக்கே போறேம்மா."

"சொல்லிட்டு அங்க இருந்தே எனக்கு போன் போடு. கேக்குதா?"

"கேக்குது."

மறுநாள் காலையில் போனேன். விஜயபுரம் தாண்டி உள்ளே ஒரு சின்ன ஊர். ஊருக்குள் கார் போகாத இடத்தில் இறங்கி நடந்தேன். சரோஜா வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். இடது கையால் பிடித்து, வலது கையின் இரண்டு விரலால் நசுக்கி உடைத்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அவள் கத்தினாள், என் காதால் கேட்டேன், கத்தி என்று எழுத வைத்தது நான், எல்லாவற்றையும்.

சரோஜா கையில் இருந்த கடலையை முறத்தில் போட்டாள்.

"தெரியும் மொதலாளி. எனக்கும் கேட்டுச்சி."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "அன்னிக்கு ஆஸ்பத்திரியில, கத்தலன்னு சொன்னியேம்மா?"

"கேட்டுச்சின்னு சொன்னா, கேட்டும் ஏன்டீ கைய எடுக்கலன்னு எங்க ஊட்டுக்காரர்ல இருந்து ஊரே என்னியத்தான கேக்கும்? கேக்கலன்னு சொல்லிட்டேன். ஒருதரம் சொல்லிட்ட பின்னாடி அவ மூஞ்சியில எப்டி முயிக்கிறது? அதான் கதவ சாத்திக்கினேன்."

"கேட்டுச்சின்னா கைய தூக்கியிருக்கலாமேம்மா?"

"கொரலு காதுல வுயுந்துச்சி. தலைய தூக்கினேன். எதிர்ல நீ நின்னுகினு இருந்த. மொத நாளுதான் ரெண்டு பேர வரவேணாம்னுட்ட. தூக்கறதா வேணாமான்னு உன் மூஞ்சியப் பாத்தேன். அதுக்குள்ள ஆயிடுச்சி."

வாசலை விட்டு இறங்கிவந்து வேலியோரம் நின்று போன் போட்டேன். இரண்டாவது மணிக்குள் எடுத்துவிட்டாள். எதை விடுவது, எதைச் சொல்வது என்று என் மூளை வழக்கம்போல ஒரு நொடி கணக்குப் போட்டது. அன்றைக்கு அந்தக் கணக்கை நான் கேட்கவில்லை. சரோஜா சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். குரல் கேட்டதாம். தலையைத் தூக்கினாளாம். என்னைப் பார்த்தாளாம்.

அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"நீ ஏன் அங்க நின்ன? மொதலாளி! நீ ஏன் அங்க நின்ன?"

வேலியில் இருந்த கோழி பறந்து ஓடியது. எதிர் வீட்டில் ஒரு பெண் வெளியே வந்து பார்த்தாள். என் ஃபேக்டரி, நான் நிற்காமல் யார் நிற்பார்கள் என்று வேறு எவனாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். "நீ ஏன் அங்க நின்ன?" என்று போன் என் கையில் கத்திக்கொண்டே இருந்தது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சரோஜா வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தாள். வலது கையை நீட்டி, கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் போனை இடுக்கி என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"கத்தாதடீ. தோ கீறேன்" என்று அதில் சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெயில் உச்சிக்கு வந்தது. உள்ளே பேசுவது வெளியே கேட்கவில்லை. போனை வாங்காமல் போக முடியாது, கதவைத் தட்டவும் முடியாது. உரித்தும் உரிக்காமலும் முறத்தில் கிடந்த கடலையைப் பார்த்தபடி நான் அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.